புகையும் மகரந்தமும் சேரும் நாள்: டெல்டாவில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி, தப்புவது எப்படி

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை வட்டாரங்களில் பல வீடுகளில் தும்மலும் இளைப்பும் கூடவே வந்துவிடும். "தூசி ஒத்துக்கல" என்று சொல்லி ஒரு மாத்திரையோடு முடித்துக்கொள்கிறோம். அந்தத் தூசிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த நாளில் சன்னலைச் சாத்த வேண்டும், எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். மகரந்தம் மட்டும் மிகுந்த நாள் வேறு, புகை மட்டும் மிகுந்த நாள் வேறு. இரண்டும் ஒரே காற்றில் வரும் நாள்தான் ஆளைப் படுக்க வைக்கிறது. அந்த நாளை ஒரு கண்ணாடித் தகடு, ஒரு பள்ளிக்கூட நுண்ணோக்கி, ஒரு நோட்டு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே அடையாளம் காண முடியும்.

மகரந்தத்தைப் புகை என்ன செய்கிறது

காற்றில் பறக்கும் மகரந்தத் துகள் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்களவு கொண்டது. இந்த அளவுள்ள துகள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி உள்ளே போவது அரிது. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு என்ற அளவில் நிற்க வேண்டிய தொல்லை நெஞ்சுக்குள் இறங்குகிறது என்றால் துகள் உடைந்திருக்க வேண்டும், அல்லது அதிலுள்ள புரதம் வேறெதன் மீதோ ஏறிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

உடைவதை முதலில் பார்ப்போம். புல் மகரந்தம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பி வெடிக்கும். ரை என்ற வெளிநாட்டுத் தீவனப் புல்லின் ஒரு துகளுக்குள் சுமார் 700 மாவுத் துணுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்கும் குறைவு, ஒவ்வொன்றிலும் ஒவ்வாமைப் புரதம் ஒட்டியிருக்கும். இந்தத் துணுக்குகள் மூச்சுக்குழலின் கடைசிக் கிளை வரை போகும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று இடிமழைக் காற்றோடு இதுதான் நடந்தது. ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குப் போனவர்களில் பலர் அதற்கு முன் மூக்கு ஒவ்வாமை மட்டுமே இருந்தவர்கள். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மகரந்தத்தின் மேலோட்டைச் சிதைத்து இந்த வெடிப்பை எளிதாக்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இரண்டாவது, புரதமே மாறிப்போவது. ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஒரே காற்றில் இருந்தால் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரோ தொகுதி ஒட்டிக்கொள்கிறது. குளிர்நாட்டு பிர்ச் மரத்தின் மகரந்தப் புரதத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி மாறிய புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் இன்னும் கடுமையாக எதிர்க்கிறது. நம் பக்கம் பிர்ச் கிடையாது. ஆனால் டைரோசின் எல்லாச் செடிகளின் புரதத்திலும் உண்டு.

மூன்றாவது டீசல் கரி. கரித்துகள் மகரந்தப் புரதத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு அதை ஆழத்துக்குக் கொண்டுபோகும் வண்டியாகிறது. அதோடு, தூண்டுகோலாகவும் வேலை செய்கிறது. ஒவ்வாமை உள்ள தன்னார்வலர்களின் மூக்கில் ராக்வீட் என்ற களையின் மகரந்தச் சாற்றைத் தனியாகவும், டீசல் துகளோடு சேர்த்தும் விட்டுப் பார்த்தபோது, சேர்த்து விட்டபோதுதான் ஒவ்வாமைக்கான எதிர்ப்புப் புரதம் அதிகம் சுரந்தது. புகையும் ஓசோனும் மூக்கின் உள்தோலைப் புண்ணாக்குவது இதற்கெல்லாம் மேல். வரப்பு உடைந்த வயலில் தண்ணீர் புகுவதுபோல அதன் வழியே எதுவும் உள்ளே போகும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. கரியமில வாயுவை இரட்டிப்பாக்கி ராக்வீட் வளர்த்த ஒரு சோதனையில் மகரந்தம் 61 சதவீதம் கூடியதாக 2002இல் வெளியானது. நம் வரப்பிலும் சாலையோரத்திலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் அதே சூரியகாந்திக் குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது பதிவாகியிருக்கிறது. அதே சமயம், கடும் மாசு செடியை நலியச் செய்து மகரந்த எண்ணிக்கையைக் குறைக்கவும் கூடும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. குறைந்த எண்ணிக்கையிலேயே கூடுதல் கடுப்போடு வரலாம்.

நம் வட்டாரத்தில் எதைத் தேடுவது

கண்ணைப் பறிக்கும் பூவின் மேல் பழி போடுவது பொதுவான தவறு. செம்பருத்தி, சாமந்தி ஆகியவற்றின் மகரந்தம் பூச்சியை நம்பி இருப்பது. பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும், காற்றில் அதிகம் பறக்காது. காற்றை நம்பிப் பூப்பவைதான் முதல் சந்தேகத்துக்கு உரியவை: அருகு, நாணல் முதலான புற்கள், கோரை, வாய்க்காலோரச் சம்பு, முள்ளுக்கீரை வகைகள், ஆமணக்கு, சவுக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை ஆண்டு முழுவதும் மாறி மாறிப் பாளை விடுகிறது. நாகை, வேதாரண்யம் கரையோரம் சவுக்கும் சீமைக் கருவேலமும் அதிகம். சீமைக் கருவேலம் பூச்சியால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம்தான், ஆனாலும் அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பது நன்றாகத் தெரிந்தது. சவுக்கு பெரும்பாலும் மாசி–சித்திரையிலும், மறுபடி ஆவணி–ஐப்பசியிலும் பூக்கிறது. கிளை நுனிகள் செம்பழுப்பாகத் தெரிந்தால் அது ஆண் பூ.

நெல்? நெல்பூ காலை 9 மணிக்கு மேல் நண்பகலுக்குள் திறந்து மூடிவிடும். அதன் மகரந்தம் தொலைவு போகாது. பூக்கும் வாரத்தில் வயலுக்குள் இறங்கி நிற்பவருக்குத்தான் அது கணக்கு. அறுவடையில் பறப்பது நெல் மகரந்தம் அல்ல, உமியின் மேலுள்ள ஊசி முடிகளும் பூஞ்சை வித்துகளும் மண்ணும். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புகைப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை: அரிசி ஆலைக் கொதிகலனின் உமிச் சாம்பல், செங்கல் சூளை, அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் கட்டு கட்டாமல் கொளுத்தும் வைக்கோல், குப்பைக் கிடங்கு, பேருந்து நிலையமும் நெடுஞ்சாலையும். காற்றின் திசையை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆனி–ஆடியில் மேல்காற்று, ஐப்பசி முதல் வாடை, கோடை மாலைகளில் கடற்காற்று. வீட்டுக்கு மேற்கே ஆலை இருந்தால் ஆடியில் தொல்லை, வடகிழக்கே இருந்தால் கார்த்திகை–மார்கழியில் தொல்லை. ஓசோன் மட்டும் வித்தியாசமானது. அது புகைபோக்கியிலிருந்து வருவதில்லை. வண்டிப் புகை வெயிலில் வெந்து பிற்பகலில் உருவாகிறது. நெரிசலான சாலையில் புதுப்புகையே ஓசோனைத் தின்றுவிடும். காற்று போகும் திசையில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில் அது கூடுதலாக இருக்கலாம்.

மகரந்தம் பிடிக்கும் தட்டு செய்வது

1946இல் டர்ஹாம் என்பவர் வடிவமைத்த எளிய கருவி இது. இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே ஒரு பிசின் தடவிய கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம்.

தகரக் கடையில் 23 செ.மீ. குறுக்களவுள்ள இரண்டு வட்டங்களைத் துத்தநாகம் பூசிய தகட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள சாப்பாட்டுத் தட்டைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். தட்டின் விளிம்பு மடிப்பு காற்றைத் தடுத்துச் சுழற்றிவிடும், மழைநீரும் தேங்கும். தட்டையான தகடுதான் வேண்டும். ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி மூன்று துளைகள் போட்டு, மரைபோட்ட மூன்று கம்பிகளால் இரண்டு தகடுகளையும் 7.5 செ.மீ. இடைவெளியில் இணையுங்கள். கீழ்த்தகட்டின் நடுவில் 2.5 செ.மீ. உயர மரத்துண்டு ஒன்றைத் திருகி, அதன் மேல் கண்ணாடித் தகடு படுக்கையாக உட்கார ஒரு பள்ளம் செதுக்கி, இரு முனையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். கீழ்த்தகட்டில் நீர் வடிய நாலைந்து சிறு துளைகள் தேவை.

மொட்டைமாடியில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரக் குழாயில் இதைப் பொருத்தலாம். கைப்பிடிச் சுவருக்கு ஒட்டி வேண்டாம். சுவரில் மோதித் திரும்பும் காற்று எண்ணிக்கையைக் கெடுக்கும். தென்னை ஓலைக்கோ வேப்பங் கிளைக்கோ நேர்கீழே வைத்தால் அந்த ஒரு மரத்தின் கணக்குத்தான் கிடைக்கும். அடுப்படிப் புகைக்கூண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். குழாயில் ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸ் தடவாமல் விட்டால் எறும்பு ஏறி, கண்ணாடித் தகட்டில் ஊர்ந்து, எல்லாவற்றையும் இழுத்துவிடும். டெல்டாவில் இது கட்டாயம்.

கண்ணாடித் தகடு 75 × 25 மி.மீ. அளவுள்ள சாதாரண ஆய்வகத் தகடு. அதில் வெள்ளை வாசலினை மெல்லத் தடவ வேண்டும். தகட்டை லேசாகச் சூடுபடுத்தி, நடுவில் பயறளவு வாசலின் வைத்து, இன்னொரு தகட்டின் நேர் விளிம்பால் ஒரே இழுப்பில் பரப்புங்கள். தகட்டின் கீழே வைத்த செய்தித்தாள் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் பூச்சு தடிமன். அதில் துகள்கள் வெவ்வேறு ஆழத்தில் புதைந்து, நுண்ணோக்கியில் ஒன்று தெரிந்தால் மற்றொன்று மறையும். பங்குனி முதல் ஆவணி வரை வெயிலில் வாசலின் உருகி ஓடும். அந்த மாதங்களில் 9 பங்கு வாசலினுக்கு 1 பங்கு நிறமில்லாத பாரபின் மெழுகு சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்துகொள்ளுங்கள். நேரடித் தீயில் வைக்காதீர்கள்.

தினமும் ஒரே நேரத்தில், காலை 7 மணி என்று வைத்துக்கொள்வோம், தகட்டை மாற்றுங்கள். எடுத்த தகட்டின் ஓரத்தில் தேதியை எழுதி மூடிபோட்ட பெட்டியில் வையுங்கள். 24 மணிக்கு மேலோ கீழோ போன தகட்டை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது.

சாயம், பார்வை, எண்ணிக்கை

மகரந்தத்தை இளஞ்சிவப்பாகக் காட்டும் கால்பெர்லா கரைசல் செய்ய: கிளிசரின் 5 மி.லி., 95 சதவீத எத்தனால் 10 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 15 மி.லி., அதில் பேசிக் ஃபுக்சினின் நிறைவுற்ற நீர்க்கரைசல் 2 சொட்டு. ஃபுக்சின் கிடைக்காவிட்டால் கல்லூரித் தாவரவியல் ஆய்வகங்களில் எப்போதும் இருக்கும் சாஃப்ரனின் போதும். கையுறை போடுங்கள், சாயம் விரலில் பல நாள் நிற்கும். எத்தனால் தீப்பிடிக்கும்.

தகட்டின் நடுவில் இரண்டு சொட்டுக் கரைசல் விட்டு 22 × 22 மி.மீ. மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். 10 மடங்கு பொருளருகு வில்லையில் தேடி, சந்தேகம் வந்தால் 40 மடங்கில் அடையாளம் காணுங்கள். 10 மடங்கில் சாதாரண மாணவர் நுண்ணோக்கியின் பார்வை வட்டம் ஏறத்தாழ 1.8 மி.மீ. (கண்ணாடி அளவுகோலை வைத்து உங்களுடையதைச் சரிபாருங்கள்). உழவு ஓட்டுவதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, அடுத்தடுத்த சாலாக, பன்னிரண்டு அல்லது பதிமூன்று ஓட்டத்தில் முழு மூடுகண்ணாடியும் முடியும். ஒரு சாலில் பாதி தெரிந்த துகளை அடுத்த சாலில் மறுபடி எண்ணிவிடாதீர்கள். இடது விளிம்பில் வெட்டுப்பட்டதை எண்ணி, வலது விளிம்பில் வெட்டுப்பட்டதை விடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்.

வந்த எண்ணை 4.84ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கான எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, புல் 31, சவுக்கு 12, பார்த்தீனியம் 9, அடையாளம் தெரியாதவை 6 என்றால் மொத்தம் 58, சதுர செ.மீ.க்கு 12. வெளிநாட்டு அட்டவணைகளில் "ஒரு கன மீட்டருக்கு 20 புல் துகள் என்றால் அதிகம்" என்பது போன்ற எல்லைகள் இருக்கும். அவை நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும் கருவிக்கு உரியவை. படுக்கைத் தகட்டின் எண்ணோடு அவற்றை ஒப்பிடவே கூடாது. இந்தக் கருவியில் நேற்றையும் இன்றையும், கார்த்திகையையும் மாசியையும் ஒப்பிடலாம், அதற்குத்தான் அது.

எதுவும் எண்ணுவதற்கு முன் மாதிரித் தகடுகள் செய்துவிடுங்கள். தெரிந்த செடியின் பூவைத் தட்டி, அதே வாசலின், அதே சாயத்தில் ஏற்றி, பெயர் ஒட்டி வைப்பது. பத்துச் செடி போதும். புல் மகரந்தம் வழவழப்பான உருண்டை, வளையம் கட்டிய ஒரே ஒரு துளை. பார்த்தீனியம் சிறியது, உடம்பெங்கும் குட்டை முள். முள்ளுக்கீரை குழி குழியாக விழுந்த பந்து. சவுக்கு, மூலை மழுங்கிய முக்கோணம், மூன்று மூலையிலும் துளை. தென்னை பேரீச்சங் கொட்டைபோல நீண்டு, நீளவாட்டில் ஒரு பள்ளம்.

ஏமாற்றுபவையும் உண்டு. காற்றுக் குமிழிக்குத் தடித்த கருப்பு வளையம் இருக்கும். வாசலின் துளிக்கு நிறமே ஏறாது. அறுவடைக் காலத்தில் 3 முதல் 5 மைக்ரானில் ஆலிவ் நிற உருண்டைகள் கூட்டமாக வந்தால் அது நெற்பழ நோய்ப் பூஞ்சையின் வித்து. மகரந்தம் அந்த அளவுக்குச் சிறிதாக இருப்பது அரிது.

உடைந்த துகளைத் தனியாக எண்ணுங்கள். ஓடு சுருங்கி, உள்ளே வெறுமையாக, அருகில் பொடி சிதறியிருக்கும். இதில் பெரிய பொறி ஒன்று உண்டு: நீங்கள் விட்ட கரைசலின் நீரே புல் மகரந்தத்தை வெடிக்க வைக்கலாம். அதே கரைசலில், அதே நேரத்தில், புதிதாகப் பறித்த புல்லின் மாதிரியையும் ஏற்றிப் பாருங்கள். அதுவும் வெடித்தால் அன்றைய உடைவுக் கணக்கைத் தள்ளிவிட வேண்டியதுதான். மாவுத் துணுக்கா என்று பார்க்க மருந்துக்கடை பொவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீர்த்து ஒரு சொட்டு விட்டால் மாவு கருநீலமாகும். ஆனால் அரிசி ஆலை, மாவு மில் அருகே இருப்பவர்கள் கவனம். அரிசி மாவும் அதே நிறம்தான் காட்டும். அது 3 முதல் 8 மைக்ரானில் கோண முனைகளோடு இருக்கும்.

புகையைக் கணக்கில் எடுப்பது

சாயம் ஏறாத கருப்பெல்லாம் புகைப் பக்கம். வைக்கோல் கரி தட்டையாக, நீளமாக, உள்ளே செல்வரிசைகள் அப்படியே தெரியும். உமிச் சாம்பல் கண்ணாடித் துண்டுபோல, மேலே இரட்டை முகடுகள் வரிசையாக இருக்கும். உமியில் உள்ள சிலிக்காதான் அது, எரிந்தாலும் உருக்குலையாது. டீசல் கரி தனித்துகளாகத் தெரியாது, கொத்துக் கொத்தாக ஒட்டிய கருமைதான். மகரந்தத் துகளின் மேலேயே கருப்பு ஒட்டியிருந்தால் அதற்குத் தனிப் பத்தி. நூறு மகரந்தத்தில் எத்தனையின் மேல் கரி ஒட்டியிருக்கிறது என்ற சதவீதத்தை எழுதுங்கள். இந்த ஓர் எண்தான் இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ளது. வாசலினில் விழுந்த பிறகு பக்கத்தில் வந்து படிந்ததும் இதில் கலக்கும் என்பதால், துகளைச் சுற்றியும் கரி நிறைந்திருக்கும் தகட்டில் இந்த எண்ணை நம்பாதீர்கள்.

தகடு காட்டாதது ஒன்று உண்டு. அசையாத காற்றில் 30 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 2.5 மைக்ரான் துகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காற்று அசைந்தால் அது இறங்கவே இறங்காது. ஆகவே நுண்புகைக்கு வேறு அளவு வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) அளவைப் பாருங்கள். இந்தியத் தரப்படி 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 15. நிலையம் தொலைவில் இருந்தால் சிறிய லேசர் அளவி வாங்கலாம். ஆனால் மார்கழிப் பனிமூட்டத்தில் அது நீர்த்துளியையும் துகளாக எண்ணிப் பொய்யாக உயரும். பனி விலகிய பின் எடுத்த அளவை மட்டும் எழுதுங்கள்.

நோட்டு

ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, மகரந்த வகைகள், கரி ஒட்டிய சதவீதம், பி.எம். 2.5, காற்றின் திசை (மாடியில் கட்டிய துணி நாடா போதும்), அன்று என்ன எரிந்தது, பனி, மழை. பிறகு நோயாளியின் மதிப்பெண்: தும்மல், மூக்கு, கண், இளைப்பு நான்குக்கும் 0 (தொல்லை இல்லை) முதல் 3 (கடுமை) வரை, மொத்தம் 12. என்ன மருந்து எடுத்தார் என்பதை எழுதாமல் விட்டால் நோட்டே வீண். மருந்து சாப்பிட்ட மோசமான நாள், நல்ல நாள்போல் காட்சியளிக்கும். தகட்டை எண்ணுபவரும் மதிப்பெண் போடுபவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும். கருப்பாக இருந்த தகட்டைப் பார்த்தவருக்கு அன்று இளைப்பு கொஞ்சம் கூடுதலாகவே தோன்றும்.

எட்டு வாரம் எழுதுங்கள், அதில் அறுவடை வாரங்கள் அடங்க வேண்டும். பிறகு நாட்களை நான்காகப் பிரியுங்கள்: இரண்டும் குறைவு, மகரந்தம் மட்டும் அதிகம், புகை மட்டும் அதிகம், இரண்டும் அதிகம். ஒவ்வொரு குவியலின் சராசரி மதிப்பெண் என்ன? இளைப்பு ஓரிரு நாள் தாமதமாகவும் வரும் என்பதால் மறுநாள் மதிப்பெண்ணை வைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள். நான்காவது குவியல் மற்ற மூன்றையும் மிஞ்சி நின்றால் இரண்டும் சேர்வதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினை. நான்கிலும் மதிப்பெண் ஒன்றுபோல இருந்தால் வெளிக்காற்றை விட்டுவிட்டு மெத்தை, தலையணை, ஈரச் சுவர், கரப்பான் பக்கம் தேடுங்கள். நம் ஈரப்பதத்தில் தூசிப்பூச்சி செழிப்பாக வாழும்.

தப்புவது

நான்காவது குவியல் நாள் எப்படி இருக்கும் என்று நோட்டு சொல்லிவிடும். தை–மாசியில் பெரும்பாலும் விடியலில் பனி, கீழே தங்கிய புகை, காற்றே இல்லாத காலை. அந்த நாளில் வெயில் ஏறி மூட்டம் கலையும் வரை சன்னலைத் திறக்க வேண்டாம், நடைப்பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள், துணியை உள்ளே உலர்த்துங்கள். கொசுவலைச் சன்னல் மகரந்தத்தைத் தடுக்காது. வலைக்கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், துகள் அதில் முப்பதில் ஒரு பங்குதான். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி.

சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துவது, வெளியே தவிர்த்ததை வீட்டுக்குள் நாமே செய்வது. ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வருவதாக 2003இல் வெளியான அளவீடு ஒன்று உண்டு. காலையில் உள்ளே வந்த மகரந்தமும் இரவில் சுருளின் புகையும் கட்டிலருகே சந்திக்கின்றன. கொசுவலைக்குள் படுப்பதே நல்லது.

களத்துமேட்டிலும் இயந்திரத்தின் அருகிலும் துண்டைக் கட்டிக்கொள்வது மகரந்தத்தை ஓரளவு நிறுத்தும், புகையை நிறுத்தாது. என்-95 முகக்கவசம் வேண்டும், அதுவும் ஓரம் ஒட்டியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் விளிம்பில் கசிகிறது என்று பொருள். எப்போதும் இயந்திரத்துக்குக் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். கோடையில் இடியோடு குளிர்காற்று கிளம்பும் முதல் அரைமணி நேரம் இளைப்பு உள்ளவர் வெளியே இருக்கக் கூடாது. மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த பிறகு காற்று கழுவப்பட்டிருக்கும்.

வீடு திரும்பியதும் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், தண்ணீர் சரியாக இருந்தால். ஐந்து நிமிடம் கொதித்து ஆறிய 240 மி.லி. நீரில் அயோடின் சேர்க்காத தூய உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, சமையல் சோடா ஒரு சிட்டிகை. குளத்து நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், குழாய் நீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் போகிறது.

பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம், தோலையும் அது புண்ணாக்கும். இளைப்பு உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். பூத்த செடியைக் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். உப்புக் கரைசல் தெளிப்பது சாலையோரத்துக்குச் சரி, வரப்பில் தெளித்தால் மண் கெடும். வைக்கோலைக் கட்டும் இயந்திரம் கிடைக்கும் ஊரில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். அறுவடை முடிந்து காத்திருக்கும் அந்த நாலைந்து நாளில்தான் தீ வைக்கத் தோன்றுகிறது. உமிச் சாம்பலை ஏற்றும்போது நனைத்து, தார்ப்பாய் மூடச் சொல்லுங்கள். படுக்கையறைச் சன்னலுக்குக் காற்று வரும் பக்கம் சவுக்கு வரிசை நடாமல் புங்கன் நடலாம்.

பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் கேட்காமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து முழுப்பலன் தரச் சில நாளாகும். ஆகவே நோட்டில் தெரியும் மோசமான வாரத்துக்கு முன்பே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோல் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் ஒவ்வாமை மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும், மாத்திரை உடலில் இருந்தால் பரிசோதனை ஒவ்வாமை "இல்லை" என்று பொய்யாகக் காட்டும். நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பரிசோதனைப் பட்டியலில் உங்கள் தகட்டில் அதிகம் விழுந்த புல்லும் சவுக்கும் பார்த்தீனியமும் இருக்கின்றனவா என்று ஊசி போடுவதற்கு முன் கேளுங்கள்.